கலம் என்றேன், களம் என்று கேட்டார் அப்பா

என் கழுத்தில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தது எந்த டாக்டரும் இல்லை, என் மகள் குட்டி. நாலு வயசு. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதுக்குக் கீழே விரலால் தடவியபடியே தூங்குவது அவள் பழக்கம். ஒருநாள் தடவிக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா, நீ புளியங்கொட்டைய முழுங்கிட்டியா? இங்கன மாட்டிக்கிட்டிருக்கு" என்றாள். தொட்டுப் பார்த்தேன். புளியங்கொட்டையேதான். அமுக்கினால் உருண்டது, வலிக்கவில்லை.

வலிக்காத கட்டிக்குத்தான் பயப்பட வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். விஞ்ஞான டீச்சராக இருப்பதில் உள்ள தொல்லை இதுதான். எல்லாம் அரைகுறையாகத் தெரியும். முழுசாகத் தெரிந்தவர் வைத்தியம் பார்ப்பார், ஒன்றுமே தெரியாதவர் நிம்மதியாகத் தூங்குவார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில், காம்பரா என்கிற ஒற்றை அறையில் நான், குட்டி, அப்பா மூன்று பேரும் இருக்கிறோம். அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. என் வீட்டுக்காரர் சரவணன் கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலை, மாசத்துக்கு ஒருமுறை வருவார். நான் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் குட்டியைப் பார்த்துக்கொள்வது அப்பாதான். பேத்தி அவர் நெஞ்சிலேயே கிடப்பாள். இறக்கி விடப்பா என்றால், "ஒனக்கென்ன எரியுது?" என்பார்.

ஒரு புளியங்கொட்டை மூன்றாயிற்று. அந்தி சாய்ந்தால் காய்ச்சல் வந்தது. ரவிக்கை எல்லாம் தொளதொள என்றாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மெலிஞ்சு அழகா ஆயிட்டீங்க டீச்சர், என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள். அவளை என்ன செய்ய! தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளை மாத்திரை தந்தார்கள். லுணுகலையில் மஞ்சள் மாத்திரை தந்தார்கள். கடைசியில் பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போ என்றார்கள். காட்டிவிட்டு அந்திக்குள் வந்துவிடுகிறேன் என்று குட்டியிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அன்றைக்கே என்னைக் கட்டிலில் போட்டுவிட்டார்கள்.

கழுத்தில் கட்டியோடு பதுளைக்குப் பஸ் ஏறப்போகிற யாராவது படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆகவே, என்னென்ன செய்வார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரத்தம் எடுப்பார்கள், திரும்பவும் எடுப்பார்கள், இவர்கள் வீட்டில் இரத்தத்தில் சமைக்கிறார்களோ என்று தோன்றும்வரை எடுப்பார்கள். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் உறிஞ்சிப் பார்ப்பார்கள். அதில் தெளிவாகவில்லை என்றால் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு கட்டியை முழுசாகவே வெட்டி எடுப்பார்கள். அதற்குப் பெயர் பயோப்சி. பெயர்தான் பெரிசு, நாலு தையல்தான். வெட்டி எடுத்ததைக் காகிதம்போல மெலிதாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் வைத்து நோயியல் டாக்டர் ஒருவர் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். அவர் முகத்தை நாம் பார்க்கப்போவதில்லை. நம் தலையெழுத்தை அவர்தான் முதலில் படிக்கப்போகிறார்.

"டீச்சர், பயம் வேண்டாம்" என்றார் வார்ட் டாக்டரம்மா. சிங்களப் பெண், சின்ன வயசு. தமிழைப் புத்தகத்தில் படித்தவர், அதனால் என்னைவிடச் சுத்தமாகப் பேசினார். "கட்டியில் உள்ள கலங்களைப் பார்க்க வேண்டும். கலங்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகினால் புற்றுநோய். வேறு காரணத்துக்காகவும் பெருகலாம். கலத்தைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது."

இந்தியாவில் செல் என்பதை எங்கள் பாடப் புத்தகம் கலம் என்கிறது. கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைத்தால் கலம். அந்தப் புள்ளி வைத்த வட்டங்கள் என் கழுத்துக்குள் என்ன கூத்து அடித்துக்கொண்டிருக்கின்றன என்று இப்போது யாரோ பார்க்கப்போகிறார்கள்.

முடிவு வர நாளாகும் என்றார்கள். காய்ச்சல் விடாததால் வீட்டுக்கும் அனுப்பவில்லை. சின்னப் பிள்ளைகளை வார்ட்டுக்குள் விடமாட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் எனக்குக் குட்டி வேண்டும். இதை எப்படி எழுதினால் புரியும் என்று தெரியவில்லை. சாப்பாடு வேண்டாம், மருந்து வேண்டாம், முடிவுகூட வேண்டாம், அவள் வேர்த்த தலையை ஒருதரம் மோந்து பார்த்தால் போதும் என்றிருந்தது. படுத்தால் வலது கை தன்பாட்டில் விலகி அவளுக்கு இடம் விட்டது. அடுத்த வார்ட்டில் ஏதாவது பிள்ளை அழுதால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பக்கத்துக் கட்டில் ஹாஜரா ராத்தா, பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவரின் மனைவி, "படுங்க புள்ள, அது ஒங்கட புள்ள இல்ல" என்பார். தெரியும். தெரிந்து என்ன?

ஒரே ஆறுதல் வீடியோ கால். எங்கள் லயத்தில் சிக்னல் இல்லை. தோட்டத்திலேயே பெரட்டுக் களத்தில்தான் ஒழுங்கான சிக்னல் கிடைக்கும். காலையில் ஆளெண்ணி வேலைக்குப் பிரித்து அனுப்புகிற வெளி அது, மலையின் திறந்த பக்கத்தில் இருக்கிறது. அப்பா தினமும் அந்தியில் குட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய், போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "தெரியுதா? தெரியுதா?" என்று கத்துவார். தலைகீழாகத் தெரிகிற குட்டியைப் பார்க்க நானும் தலையைச் சாய்ப்பேன், தையல் இழுக்கும். அவள் திரையில் என் கழுத்து இருக்கிற இடத்தைத் தொட்டுக்கொண்டே இருப்பாள். திரை முழுக்க அவள் விரல்தான் தெரியும். அந்த விரலுக்காகவே நாள் முழுக்கக் காத்திருப்பேன்.

தையல் போட்டு இரண்டொரு நாள் கழித்து அப்பா கேட்டார்: "என்னதாம்மா சொல்றாங்க? என்னா சீக்காம்?"

அன்றைக்கு அங்கே காற்று. போனில் ஊ ஊ என்ற சத்தம்.

"கலத்துலதான் நோயாம்பா. கலம் பெருகுதாம். அதத்தான் எடுத்துச் சோதிக்கிறாங்க."

"எங்கன?"

"கலத்துல! கலத்துல!"

"களத்துலயா?"

"ஆமாப்பா, கலத்துலதான்!"

அப்பா திரும்பிச் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு லைன் கட்டாகிவிட்டது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் கால் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் அடித்தால், தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் மூன்று பாஷையில் சொன்னாள். அவளோடும் சண்டை போட்டேன். கொழும்பில் சரவணனுக்கு அடித்தேன். "எனக்கும்தான் கெடைக்கல யோகா. மழையா இருக்கும். மாமா இருக்காருதானே" என்றார். ஆண்களுக்கு எல்லாம் மழைதான். குட்டிக்குக் காய்ச்சலோ, விழுந்துவிட்டாளோ, அப்பாவுக்கு ஏதாவதோ என்று என் தலைக்குள் ஒவ்வொன்றாக ஓடியது. அந்த நாட்களில் கட்டியைப் பற்றி நினைக்கவே மறந்தேன்.

பைத்தியம் பிடிக்காமல் இருக்கப் போனில் படிக்கத் தொடங்கினேன். எல்லாக் கலமும் இன்னொரு கலத்திலிருந்தே வருகிறது என்று ஒரு பாடம் உண்டு. அதைச் சொன்ன ஜெர்மன்காரரின் பெயரைப் பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுவார்கள். பெயரை இங்கே எழுதினால் வினாத்தாள் வாசனை அடிக்கும், அதனால் ஜெர்மன்காரர் என்றே சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் பிணத்தை அறுத்துப் பார்த்து நோயைப் படித்தவர். நோய் என்பது வெளியிலிருந்து வந்து புகுகிற பேய்பிசாசு இல்லை, நம்முடைய சொந்தக் கலங்களே மாறிப்போன நிலைமையில் நடத்துகிற வாழ்க்கைதான் என்றாராம். உடம்பு ஒரு நாடு, கலங்கள் அதன் குடிமக்கள் என்று நினைத்தாராம். கலத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயருக்கே சின்ன அறை என்றுதான் அர்த்தம் என்பதும் அங்கேதான் ஞாபகம் வந்தது. அப்படிப் பார்த்தால் எங்கள் பாஷையில் அதற்குக் காம்பரா என்றே பெயர் வைத்திருக்கலாம். பிள்ளைகள் ஒருநாளும் மறக்கமாட்டார்கள்.

புத்தகத்தில் இல்லாத பாதியும் அந்தப் போனில் கிடந்தது. இளம் டாக்டராக இருந்தபோது, நெசவு நெய்கிற ஏழைகள் காய்ச்சலில் கூட்டம் கூட்டமாகச் சாகிற ஒரு மாவட்டத்துக்கு அவரை அரசாங்கம் அனுப்பியதாம். போய்ப் பார்த்துவிட்டு வந்து, இவர்களுக்கு என்ன மருந்து என்று எழுதினார் தெரியுமா? பள்ளிக்கூடம், நல்ல சம்பளம், ரோடு, தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்கிற உரிமை. இவர்களைக் கொல்வது பசியும், இவர்கள் அடைந்து கிடக்கிற வீடும், இவர்களைக் கவனிக்காத அரசாங்கமும்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வேலை போய்விடும் என்று பயப்படாமலா இருந்திருப்பார்? ஏழைக்காகப் பேசுவது டாக்டரின் வேலை என்று நம்பினாராம். எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துவிட்டது. ஹாஜரா ராத்தாவிடம் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். "யாரு புள்ள அது, ஒங்கட மாமாவா?" என்று கேட்டார். செத்துப்போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது என்றேன். "அப்ப ஏன் இவ்வளவு கவல? சூப்பக் குடிங்க" என்று அவர் மகன் கொண்டுவந்த ஆட்டுக்கால் சூப்பில் பாதியை என் கோப்பையில் ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் அக்கா வந்தார். எங்கள் அடுத்த காம்பரா. ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் வாந்தியெடுத்துக்கொண்டு, பதுளைக்கு வந்திருந்தார். வந்ததும் நான் கேட்டது குட்டி எப்படி இருக்கிறாள் என்றுதான்.

"நல்லாத்தான் இருக்கா. ஆனா ஒங்கப்பா அவள வெளியவே விடுறதில்ல யோகா. கதவச் சாத்தி வச்சிருக்காரு."

"ஏன்?"

"என்ன ஏன்? நீதானே சொன்ன. பெரட்டுக் களத்துலதான் நோய் பெருகுதாமே. மண்ண எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்கிறாங்களாமே. தோட்டம் பூரா இதே பேச்சு. பொம்பளைங்க மூக்கப் பொத்திக்கிட்டுப் பெரட்டுக்கு நிக்கிறாங்க. கங்காணி கெடந்து கத்துறாரு."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தேன் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! தையலைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ராத்தாவுக்குச் சொன்னேன், அவரும் சிரித்தார். வார்ட் நர்ஸ் மிஸ் வந்து, "இது ஆஸ்பத்திரியா கல்யாண வீடா?" என்று கேட்டுவிட்டு, விஷயம் தெரிந்ததும் அவரும் சிரித்தார். ஒரு எழுத்தில் தோட்டத்தையே மூக்கைப் பொத்தவைத்த டீச்சர் நான்.

"சிரி, சிரி" என்றார் பாக்கியம் அக்கா. "அங்க அடுப்புப் பொகைக்குள்ள அவருக்கு இருமல் வேற கூடிக் கெடக்கு. புள்ளய நெஞ்சுல போட்டுக்கிட்டே லொக்கு லொக்குங்கிறாரு. கதவத் தொறங்க மாமான்னா, களத்துக் காத்து வந்துரும்ங்கிறாரு."

அப்பாவின் இருமல் இன்று நேற்று வந்ததில்லை. எங்கள் லயத்தில் அதற்குப் பனி இருமல் என்று பெயர். பனி என்று ஒன்று இருக்கிறவரை இருமலும் இருக்கும், அதற்கு யாரும் டாக்டரிடம் போவதில்லை. நானும் போகச் சொன்னதில்லை. "கலம் வேற, களம் வேறன்னு அப்பாகிட்டச் சொல்லுங்கக்கா, போனத் தூக்கிக்கிட்டு நாளைக்கே வரச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் முடிவு வந்தது.

டாக்டரம்மா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தால் கெட்ட செய்தி என்று ராத்தா சொல்லியிருந்தார். "புற்றுநோய் இல்லை டீச்சர்" என்றார். "காசநோய். நிணநீர்க் கணுவில் வந்திருக்கிறது. ஆறு மாதம் மருந்து ஒழுங்காகக் குடித்தால் முழுதாகக் குணமாகும்."

நிணநீர்க் கணு என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கழுத்தில், கக்கத்தில், தொடை இடுக்கில் எல்லாருக்கும் இருக்கிற சின்னச் சின்ன உருண்டைகள். கிருமி வந்தால் மறிக்கிற காவல் சாவடிகள். கிருமியைச் சுற்றி என் கலங்கள் வட்டமாக வந்து நிற்கின்றனவாம், நடுவில் செத்துப்போனது தயிர்க்கட்டிபோல் கிடக்கிறதாம். அதைத்தான் நோயியல் டாக்டர் கண்ணாடித் துண்டில் பார்த்திருக்கிறார்.

வார்ட்டே கொண்டாடியது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் ராத்தா. எதிர்க் கட்டில் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். கான்சர் வரிசையிலிருந்து ஒருத்தி தப்பிவிட்டாள் என்றால் எல்லாருக்கும் சந்தோஷம்தானே. நானும் அழுதேன். உயிரோடு இருப்பேன், குட்டி பெரியவளாவதைப் பார்ப்பேன் என்று நினைத்து அழுதேன்.

டாக்டரம்மா எழுந்திருக்கவில்லை. "டீச்சர், ஒரு கேள்வி. இது ஒருவர் இருமும்போது காற்றில் வந்து மற்றவருக்குத் தொற்றுவது. கணுவில் இருப்பதால் உங்களிடமிருந்து தொற்றாது. ஆனால் உங்களுக்கு யாரிடமிருந்தோ வந்திருக்கிறது. வீட்டில் யாருக்காவது நீண்ட நாள் இருமல் இருக்கிறதா?"

எல்லாருக்கும் பனி இருமல்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

கதவைச் சாத்திவிட்டு, அடுப்புப் புகைக்குள், அவளை நெஞ்சில் போட்டுக்கொண்டு. என் ஒரு வார்த்தையைக் கேட்டு அவர் காற்றுள்ள இடத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றிக் கொண்டுபோய் எங்கே வைத்திருக்கிறார், கடவுளே! நான் கத்திவிட்டேன். கான்சராகவே இருந்திருக்கக் கூடாதா என்று கத்தினேன். கான்சர் என்றால் என்னோடு போயிருக்கும். ராத்தா வாயைப் பொத்தினார். "அப்படிச் சொல்லக் கூடாது புள்ள, நாலு வயசுப் புள்ளைக்கு உம்மா வேணும்" என்று என்னை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கே அன்று காலையில்தான் நெஞ்சுவலி.

போன் எடுத்தேன். மூன்று பாஷைப் பெண்தான். பாக்கியம் அக்கா போய்ச் சொல்லியும் அப்பா நம்பவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. "எம்மகளே சொன்னா, என் காதாலயே கேட்டேன்" என்றாராம். நானே ஓடியிருப்பேன், காய்ச்சலோடு வாசல்வரை போனேன். மிஸ் கையைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். சரவணனுக்கு அடித்தேன். இந்தத் தடவை அவர் மழையைப் பற்றிப் பேசவில்லை. முதலாளியிடம் சொன்னாரோ சொல்லவில்லையோ, அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

அவர் போய்ச் சேர்ந்து இரண்டு பேரையும் பதுளைக்குக் கூட்டி வந்தபோது, காசநோய்க் கிளினிக்குக்குப் போக எனக்கும் அனுமதி கொடுத்தார்கள். வெளி வராந்தாவில் சரவணன் தோளில் குட்டி. என்னைப் பார்த்தவள் உடனே தாவவில்லை. மெலிந்து, கழுத்தில் கட்டுப் போட்டு, முகத்தில் மாஸ்க் போட்டிருக்கிற இது யார் என்று பார்த்தாள். குட்டி என்றேன். குரலைக் கேட்டதும் வந்து விழுந்தாள். அவளோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலையை மோந்தேன். அடுப்புப் புகை வாசம். அந்த வாசத்தை நினைத்துத்தான் அத்தனை நாள் ஏங்கிக் கிடந்தேன், இப்போது அதை மோந்ததும் சாத்திக் கிடந்த கதவுதான் ஞாபகம் வந்தது.

அப்பா கோபத்தில் இருந்தார். "எனக்கு என்னா? எனக்குப் பனி இருமல். எங்கப்பனுக்கும் இருந்துச்சு, அவரு அப்பனுக்கும் இருந்துச்சு. சளியத் துப்புங்குறான், எதுக்குத் துப்பணும்?"

"தாத்தாவுக்கு என்ன வயசுல ஆச்சு?"

"என்னது?"

"சாவு."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு போய்த் துப்பிக் கொடுத்தார்.

சளியில் கிருமி இருந்தது, நிறையவே இருந்தது. குட்டியின் கையில் தோலுக்கடியில் ஒரு ஊசி போட்டுவிட்டு, திரும்பவும் வரச் சொன்னார்கள். அந்த இடம் தடித்தால் கிருமி உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். தடித்திருந்தது. அந்தத் தடிப்பை டாக்டர் ஒரு சின்ன ஸ்கேலால் அளந்தபோது நான் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தேன். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. கிருமி உள்ளே தூங்குகிறது, நோயாகவில்லை, எழும்பாமல் இருக்கத் தினமும் மருந்து குடிக்க வேண்டும் என்றார்கள். நல்ல வேளை, நேரத்தோடு வந்தீர்கள் என்றார்கள்.

"தாத்தாவும் இன்றிலிருந்து மருந்து குடிக்க வேண்டும்" என்றார் அந்த டாக்டர். "முதல் சில வாரம் பிள்ளையிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும். அவரை நல்ல காற்றோட்டமான தனி அறையில் படுக்க வையுங்கள்."

"எங்க வீட்டுல ஒரு காம்பராதான் டாக்டர்."

"ஜன்னலைத் திறந்து வையுங்கள்."

"ஜன்னல் இல்லியே. அத எந்த பார்மசில எடுக்கலாம்?"

வாய்த்துடுக்குத்தான். அந்த டாக்டர் கோபிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு, "என்னிடம் மாத்திரைதான் இருக்கிறது டீச்சர்" என்றார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது.

என் ஜெர்மன்காரருக்கு ஒரு பிடிவாதம் இருந்ததாம். கிருமிதான் காரணம் என்று அதே ஊரில் இன்னொரு ஜெர்மன்காரர் கண்டுபிடித்துச் சொன்னபோது, முழு மனசோடு ஏற்கவில்லையாம், வீட்டையும் சாப்பாட்டையும் பார் என்றாராம். அந்த இடத்தில் அவர் தவறிவிட்டார் என்றுதான் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கிருமி உண்மை, என் கழுத்தில் இருந்ததே. ஆனாலும் அப்பா இருமியது திறந்த களத்தில் என்றால் காற்று அதைக் கொண்டுபோயிருக்கும். கதவைச் சாத்தினால் இருட்டாகிற அந்தக் கல் பெட்டிக்குள் இருமியதால்தான் அது என் கழுத்துக்கும், என் பிள்ளையின் நெஞ்சுக்கும் போயிற்று. இரண்டு ஜெர்மன்காரர்களும் எங்கள் லயத்தில் ஒரு மாசம் இருந்திருந்தால் சண்டையே வந்திருக்காது.

என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பா முன் இஸ்தோப்பில், கதவுக்கு வெளியே உள்ள திண்ணையில், சாக்கைக் கட்டி மறைத்துக்கொண்டு படுத்தார். மலைக்காற்று சாக்குக்குள் புகுந்து வந்தது. கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குட்டி நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, நெஞ்சுல படுக்கவா?" என்று கேட்பாள். "இன்னைக்கி வேணாம்டா தங்கம்." "நாளைக்கி?" அப்பா என்னைப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் கிடந்து ஏங்கியதையெல்லாம் இப்போது அவருக்குப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டேன் போலிருந்தது. என்னைப்போல ஒரு பஸ் தூரத்தில் இருந்திருந்தாலாவது தாங்கியிருப்பார். பிள்ளை கைக்கெட்டுகிற இடத்தில் இருந்தாள்.

பின் சுவரில் ஒரு ஜன்னல் வைக்கத் தோட்டத்து ஆபீசில் போய்க் கேட்டேன். "லயம் கம்பெனிச் சொத்து டீச்சர், நெனைச்ச மாதிரி ஒடைக்க ஏலாது. தொரைகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்றார் பெரிய கிளாக்கர். போய்ப் போய்க் கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்பதையே சொன்னார். கடைசியாகப் போன அன்று, "ஒரு வீட்டுக்கு வச்சா எல்லாரும் கேப்பாங்களே" என்றார். ஆமாங்க, கேட்பார்கள்தான் என்றேன்.

சரவணன் லீவில் வந்த ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் அக்காவின் புருஷனிடம் அலவாங்கு என்கிற கடப்பாரையை வாங்கி வந்தார். "வேலைய விட்டு நிப்பாட்டுனா?" என்றேன். "யாரை? நான் இங்க வேலை செய்யலியே" என்றார். பதிலுக்கு என்னையும் அப்பாவையும் காம்பராவை விட்டு எழுப்பலாம் என்பது அவருக்கும் தெரியும். முதல் குத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது. சத்தம் கேட்டு லயமே வந்து நின்றது. யாரும் தடுக்கவில்லை. பின்னால் போய் நின்ற அப்பா மட்டும் வெளியிலிருந்து, "அங்கன குத்தாதே மாப்ள, கல்லு பெருசு. கீழ குத்து" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு கல் பெயர்ந்து அந்தப் பக்கம் விழுந்தது. வெயில் ஒரு தடி கனத்துக்கு உள்ளே வந்து, அடுப்பங்கரைக் கரிச் சுவரில் நின்றது. அதில் தூசி பறப்பதைப் பார்த்தேன். இத்தனை வருஷம் இதையா மூச்சாக இழுத்தோம்? இன்னும் இரண்டு கல் போனதும் ஓட்டை அப்பாவின் முகம் அளவுக்குப் பெரிசாயிற்று. குனிந்து உள்ளே பார்த்தார்.

"தாத்தா!"

என் பிடியிலிருந்து நழுவி ஓடினாள் குட்டி. சரவணன் அலவாங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் கல்மேல் ஏறி, ஓட்டைக்குள் கையை முழுசாக விட்டு, அவர் கன்னத்தைத் தொட எட்டினாள். நான் எழுந்து ஓடுவதற்குள், நான் ஒன்றும் சொல்வதற்குள், அப்பா இரண்டடி பின்னால் போய்விட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கை அந்தரத்தில் அவரைத் தேடித் துழாவியது. அவர் அங்கேயே, வெயிலில், அசையாமல் நின்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.